வேதாவின் விளையாட்டு

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்றதும் 'மந்திரி குமாரி'யும் (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படமும் நினைவுகூரப்படுகின்றன. டி.ஆர்.சுந்தரம் 1963இல் மறைந்தபின் அந்நிறுவனம் எடுத்த துப்பறியும் படங்களையோ, அவற்றுக்கு வேதா அமைத்த பாடல்களையோ நாம் பொருட்படுத்துவதில்லை. 'இந்தி நகல்' என்ற ஒற்றைச் சொல்லில் வழக்கு முடிந்துவிடுகிறது.

நகல்தான், மறுப்பதற்கில்லை. 'வல்லவனுக்கு வல்லவன்' (1965) 'உஸ்தாதோன் கே உஸ்தாத்' என்ற இந்திப் படத்தின் மறுவாக்கம். டி.எம்.சௌந்தரராஜன் பாடிய அதன் புகழ்பெற்ற காதற்பாடல் இந்தி இசையமைப்பாளர் ரவியின் மெட்டு. ஆயினும் பிறர் மெட்டுக்குப் பாட்டுக் கட்டுவது தமிழுக்குப் புதிதா என்ன? 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று தலைப்பின் கீழேயே அச்சிட்ட நாடகப் பாட்டுப் புத்தகங்கள் எத்தனை! நந்தன் சரித்திர மெட்டுகளில் பாரதியே பாடினான். அங்கே மரபு எனப்படுவது சேலத்துக்கு வந்ததும் திருட்டாகிவிடுமோ?

கண்ணதாசன் செய்திருப்பதைக் கூர்ந்து கேட்கவேண்டும். இந்தி மெட்டு நீளும் இடத்தில் தமிழ் நெடில் வந்து விழவேண்டும்; பிசகினால் சொல் நொண்டும். இப்பாடல்களில் எங்கும் நொண்டவில்லை. அவை தமிழிலேயே பிறந்தவைபோல் ஒலிக்கின்றன. 'வல்லவன் ஒருவன்' (1966) படத்தின் பளிங்கு மாளிகைப் பாட்டில் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் மயக்கவும் மிரட்டவும் ஒருசேர விளையாடுகிறது. சிலேடையையும் தனிப்பாடல் குறும்பையும் வகுப்பில் வியந்து விளக்கும் நாம், இந்த விளையாட்டுக்கு மட்டும் முகம் சுளிக்கிறோம். ஜெய்சங்கரின் துப்பாக்கியையும் கதையையும் மறந்தவர்கள்கூட அந்தக் குரலை மறக்கவில்லை.

ஏற்காடு சாலையில் அந்த ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவு நிற்கிறது. பாடல்கள் தேநீர்க்கடைகளிலும் பேருந்துகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.