வெள்ளாற்றுக் கழிமுகம்: தாவர மிதவை உயிரிகளும் நீர்த்தரமும்

வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி உருவாகும் வெள்ளாறு, கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் வங்காள விரிகுடாவை அடைகிறது. இங்குள்ள கழிமுகம், நீரில் மிதந்து வாழும் நுண்ணிய தாவர உயிரிகளின் வளர்ச்சி பற்றி இந்தியாவில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் இடங்களுள் ஒன்று.

ஆய்வு வரலாறு

பேராசிரியர் ஆர். வி. சேஷய்யாவின் முயற்சியால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1950களில் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் நிலையத்தை அமைத்தது. 1963இல் பல்கலைக்கழக மானியக் குழு இதனை உயராய்வு மையமாக ஏற்றது. ஆய்வகம் கழிமுகக் கரையிலேயே இருந்ததால், ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் மாதிரி எடுப்பது எளிதாயிற்று. இத்துறைக்கு வாய்த்த பெரும்பேறு இதுவே. கே. ஆர். டயரும் கே. இராமமூர்த்தியும் உவர்ப்பு, நீரோட்டம் பற்றிய ஆய்வை 1969இல் வெளியிட்டனர். 1970களில் கே. கிருஷ்ணமூர்த்தி, வி. சுந்தரராஜ் ஆகியோர் பச்சையத்தையும் முதல்நிலை உற்பத்தியையும் அளந்தனர். அக்காலக் கட்டுரைகளில் ஊரின் பெயர் ‘போர்ட்டோ நோவோ’ என்றே காணப்படும்.

வகைப்பாடு

கழிமுக நீரை உவர்ப்பைக் கொண்டு பிரிக்கும் வெனிஸ் முறை 1958இல் வகுக்கப்பட்டது. ஆயிரத்தில் 0.5 பங்குக்குக் கீழ் உப்பு இருந்தால் நன்னீர், 0.5 முதல் 5 வரை குறை உவர்நீர். 5 முதல் 18 வரை இடை உவர்நீர். 18 முதல் 30 வரை மிகை உவர்நீர். அதற்கு மேல் கடல்நீர். வெள்ளாற்றில் இவ்வெல்லைகள் பருவத்தோடும் ஓதத்தோடும் இடம் மாறுகின்றன.

இந்நீரில் வாழும் தாவர மிதவை உயிரிகளில் டயாட்டம்களே முதன்மையானவை. இவற்றின் ஓடு சிலிக்காவால் ஆனது. காஸ்சினோடிஸ்கஸ் வட்ட வடிவினது. ஸ்கெலட்டோனீமா சங்கிலியாகக் கோத்து மிதப்பது. பிளூரோசிக்மா நீண்டு வளைந்தது. அடுத்த நிலையில் சாட்டையிழை கொண்ட டைனோஃபிளாஜெல்லேட்டுகளும், நீலப்பசும் பாசிகளும் வருகின்றன.

ஆய்வு முறை

உயிரிகளைச் சேகரிக்க நுண்கண் வலை இழுக்கப்படுகிறது. எண்ணுவதற்கான மாதிரி கெடாதிருக்க அதில் லுகோல் அயோடின் சேர்க்கிறார்கள். பச்சையத்தை அறிய, நீரை வடிதாளில் வடிகட்டி, தாளை 90 விழுக்காட்டு அசிட்டோனில் இருளில் ஊறவைத்து, தெளிந்த பசுஞ்சாற்றை நிறமாலை ஒளிமானியில் அளக்கிறார்கள். முதல்நிலை உற்பத்தியின் வேகத்தை அறிய, 1927இல் கார்டரும் கிரானும் வெளியிட்ட குப்பி முறை பயன்படுகிறது. ஒளி புகும் குப்பியும் ஒளி புகாத குப்பியும் ஒரே ஆழத்தில் தொங்கவிடப்படும். பின்னர் இரண்டிலும் எஞ்சும் ஆக்சிஜனின் வேறுபாடே மொத்த ஒளிச்சேர்க்கையைக் காட்டும். வெப்பம், உவர்ப்பு, நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகியவையும் உடன் அளக்கப்படும்.

பருவப் போக்கு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின்போது நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் உச்சமடைகின்றன. ஆனால் உயிரிகளோ அப்போதுதான் மிகக் குறைவு. வெள்ளத்தின் கலங்கல் ஒளியை மறைப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மழை ஓய்ந்து நீர் தெளிந்ததும் பெருக்கம் தொடங்கிக் கோடையில் உச்சம் பெறுகிறது. எனவே ஊட்டச்சத்து அளவை மட்டும் கொண்டு இந்நீரின் வளத்தையோ தரத்தையோ கணிக்க இயலாது; பருவமும் ஓதமும் குறிக்கப்படாத அளவீட்டுக்கு இங்கு மதிப்பில்லை.

இன்றைய நிலை

கழிவுநீரும் இறால் பண்ணை வெளியேற்றமும் இன்று நீர்த்தரத்தைப் பாதிக்கின்றன; கண்காணிப்பு தொடர்கிறது.