வேண்டாதவர்களின் வருடங்கள்

அரைவட்டமாகச் சில நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் பிரதியை வைத்துப் படிக்க ஒரு தாங்கி. உட்கார்ந்திருப்பவர்கள் நடிகர்கள் கிடையாது. தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வந்தவர்கள். இயக்குநர் பிங் சோங் 1992இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘அன்டிசையரபிள் எலிமெண்ட்ஸ்’ வரிசை நாடகங்களில் மேடை என்றால் கிட்டத்தட்ட இவ்வளவுதான். தலைப்பை ‘வேண்டாத ஆட்கள்’னு சொல்லலாம்.

சீனர்களுக்கு அது வெறும் தலைப்பில்லை. சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்கா 1882இல் சட்டம் போட்டது. 1943இல் அதை நீக்கியபோதும் ஆண்டுக்கு 105 பேர் என்றுதான் கதவைத் திறந்தது. பிங் சோங் 1946இல் டொரன்டோவில் பிறந்து, நியூயார்க்கின் சைனாடவுனில் வளர்ந்தவர். அப்பா, அம்மா இருவரும் சீன இசைநாடகக் கலைஞர்கள். வீட்டுக்குள் அப்படியொரு மரபு. தெருவைத் தாண்டினால் அந்நியன்.

சினிமாவும் வரைகலையும் படித்தவர், மெரிடித் மாங்க்கின் குழுவில் சேர்ந்து நாடகத்துக்கு வந்தார். இருவரும் சேர்ந்து 1972இல் ‘பாரிஸ்’ படைத்தார்கள். அதே வருடம் அவருடைய முதல் சொந்தப் படைப்பான ‘லாசரஸ்’ வந்தது. 1975இல் தனிக்குழு தொடங்கினார்.

ஆனால் 1992க்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு வரலாற்று வேலையாகப் படுகிறது. ஒவ்வொருவரிடமும் மணிக்கணக்கில் பேசி, அதிலிருந்து பிரதி உருவாகும். பிரதி வருட வரிசையில் நகரும். ஒரு போரும் ஒரு பாட்டியின் கல்யாணமும் அடுத்தடுத்து வரும். நடுநடுவே எல்லோரும் சேர்ந்து கைதட்டுவார்கள். ஒருவர் கதையில் வரும் அம்மாவின் வசனத்தைப் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வார்.

சரி, பேனா யார் கையில்? எதை வைப்பது, எதை வெட்டுவது என்று பிரதியாக்குபவர்தானே தீர்மானிக்கிறார்? இந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. அதிலும் 2011இல் வந்த ‘சீக்ரெட் சர்வைவர்ஸ்’, சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் பேசும் நாடகம். அதை ஊரறியச் சொல்வது லேசான காரியமா?

ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் வரலாற்று நூல்களில் சாட்சி அடிக்குறிப்புக்குள் போய்விடுகிறார். இங்கே அவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். இயக்குநர் கோத்த வரி அவர் வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும்; பொய்யாகப் பட்டால் முதலில் தடுமாறுவது அவர் நாக்குதான். தன் அம்மாவின் சொல்லைச் சொல்லவும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார். கூட்டுப் படைப்பு என்ற சொல்லுக்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் இது.