கைப்பிடியை விட்டு வெளியேறிய பேட்டரி: கார்ட்லெஸ் கருவிகளின் அடிதாங்கும் உறை குறித்து ஒரு மறுவாசிப்பு

ஹென்றி பெட்ரோஸ்கி 1992இல் வெளியிட்ட ‘தி எவலூஷன் ஆஃப் யூஸ்ஃபுல் திங்ஸ்’ நூலைத் தொடாமல் அன்றாடப் பொருள்களின் வடிவ வரலாற்றை எழுதுவது கடினம். பயன்பாடே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்ற பழைய வாய்ப்பாட்டை மறுத்து, குறையே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். முள்கரண்டியின் முட்கள் பெருகியதும், பேப்பர் கிளிப் வளைந்ததும், அலுமினிய டப்பாவின் மூடி மாறியதும் யாரோ ஒருவரை உறுத்திய குறையால்தான் என்பது அவர் வாதம். பொருளைக் கையாளுகிறவருக்கு எரிச்சல் வர வேண்டும். அதைக் கண்டுபிடிப்பாளர் கவனிக்க வேண்டும். அடுத்த வடிவம் அங்கிருந்து பிறக்கும்.

இந்த வாய்ப்பாட்டைக் கார்ட்லெஸ் டிரில்லுக்கு நீட்டினால் கதை சுலபமாகிவிடுகிறது. ஏணியிலிருந்து டிரில் விழுந்தது, பேட்டரி பேக் உடைந்தது, வாங்கியவர் நொந்துகொண்டார், தயாரிப்பாளர் மூலைகளில் ரப்பர் வைத்தார். நீட்டுவது நான்தான், பெட்ரோஸ்கி அல்லர். ஆனால் இந்தக் கருவிகளின் வரலாறாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த அச்சில் வார்த்ததே. அச்சு பிழையானது என்பதே என் கருத்து. பேக் உடைந்த காலத்தில் அதற்குப் போதிய பாதுகாப்பு வரவில்லை. உடைந்தது கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகே வந்தது.

தொடக்கக் கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். துப்பாக்கிப் பிடியும் விசையும் கொண்ட கைடிரில்லுக்கு பிளாக்கும் டெக்கரும் 1917இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். அவர்களுடைய பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனமே 1961இல் நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லைக் கொண்டுவந்தது. நாசாவுக்கான நிலவுக் கருவி வேலை அதற்குப் பிறகு வந்தது. ஆகவே கம்பியில்லா டிரில் விண்வெளித் திட்டத்தின் குழந்தை என்ற நம்பிக்கைக்குக் காலவரிசையே இடம் தரவில்லை. அதை இங்கே மேலும் கிளறத் தேவையில்லை.

நான் நிற்க விரும்புவது 1978இல். மகிட்டாவின் 6010டி அந்த ஆண்டில் வந்தது. அதன் 7.2 வோல்ட் பேட்டரி குச்சி வடிவம் கொண்டது, கைப்பிடிக்குள் செருகப்படுவது. செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட் என்பதால் உள்ளே ஆறு செல்கள். கருவி கீழே விழுந்தால் முதலில் அடி வாங்குவது கைப்பிடியின் ஓடு. செல்கள் அதற்கு உள்ளே. யாரும் பேட்டரிக்கென்று கவசம் வடிக்கவில்லை. அது வீட்டுக்குள் குடியிருந்தது, அவ்வளவுதான்.

வோல்ட் ஏறியதும் இந்த ஏற்பாடு குலைந்தது. 9.6 வோல்ட்டுக்கு எட்டு செல், 12க்குப் பத்து, 14.4க்குப் பன்னிரண்டு, 18க்குப் பதினைந்து. சப்-சி எனப்படும் அந்தச் செல்லின் விட்டம் சுமார் 23 மி.மீ. பதினைந்தையும் உள்ளங்கை பிடிக்கும் தடிமனுக்குள் அடக்க வழியில்லை. ஆகவே பேட்டரி கைப்பிடியின் அடியில் ஒரு பெட்டியாகத் தொங்கத் தொடங்கியது. ஒன்றோ இரண்டோ செல் மட்டும் கோபுரம்போல மேலே நீண்டு பிடிக்குள் நுழையும். கருவியை நிறுத்திவைக்க அந்தப் பெட்டியே பீடமானது. விழும்போது முதலில் தரையைத் தொடுவதும் பல நேரம் அதுவே. கனமெல்லாம் அங்கே சேர்ந்திருந்தால் வேறெப்படி விழும்?

அந்தக் காலத்து 18 வோல்ட் பேக் ஒன்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு உள்ளமைப்பு பழக்கம். அட்டை உறை போர்த்திய செல்கள் நெருக்கியடித்து நிற்கும். ஸ்பாட் வெல்டிங் செய்த நிக்கல் பட்டைகள் அவற்றை இணைக்கும். செல்லின் அடிக்கும் பெட்டியின் தரைக்கும் இடையே பெரும்பாலும் மெல்லிய காகித வில்லையோ துண்டு ஸ்பாஞ்சோ இருக்கும். விழுந்தால் பெட்டி விரிசல்விடும், தாழ்ப்பாளின் காது ஒடியும், பட்டையின் வெல்டிங் விட்டுப்போகும். மூன்றும் கண்ணுக்குத் தெரிபவை, எரிச்சலூட்டுபவை. பெட்ரோஸ்கி சொன்னது சரியென்றால் ரப்பர் மூலையும் செல் தாங்கியும் இந்தக் கட்டத்திலேயே பேக்கின் இலக்கணமாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. தயாரிப்பாளர்கள் கவனமெல்லாம் வோல்ட்டிலும் ஆம்பியர்-மணியிலும் இருந்தது. பேக் என்பது சில ஆண்டுகளில் எப்படியும் மாற்றப்படும் பொருள். உடைந்தால் புதிதாக ஒன்று விற்கும். விற்பவருக்கு நட்டமில்லாத குறை வடிவத்தை மாற்றுமா என்பது பெட்ரோஸ்கியின் நூல் போதிய அளவு எதிர்கொள்ளாத கேள்வி. உறுத்தல் யாருடையது, செலவு யாருடையது என்று அவர் எடுத்துக்காட்டுகளில் பிரித்துப் பார்க்க நேர்வதில்லை. முள்கரண்டியில் இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்திருந்ததால் இருக்கலாம்.

திருப்பம் லித்தியத்தோடு வருகிறது. 2003இல் பாஷ் நிறுவனத்தின் இக்ஸோ திருப்புளி. 2005இல் மில்வாக்கியின் 28 வோல்ட் கருவிகளும் மகிட்டாவின் லித்தியம் இம்பேக்ட் டிரைவரும். நிக்கல்-காட்மியம் செல்லின் மின்பகுளி தண்ணீர் கலந்த காரம். அடிபட்டால் கசியும், செத்துப்போகும். லித்தியம் செல்லுக்குள் இருப்பது எரியக்கூடிய கரைப்பான். நேர், எதிர்த் தகடுகளைப் பிரிப்பது ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமனுள்ள பாலிமர்த் தாள். எஃகு உறையில் விழும் ஒரு சொட்டை அந்தத் தாளை நசுக்கினால் உட்குறுக்குச் சுற்று உண்டாகலாம். உடனே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். டிரில் ஓடும், சார்ஜ் ஏறும்.

இந்தத் ‘தெரியாமலிருத்தல்’ எங்கே எழுத்தில் பதிந்தது என்று தேடினால் ஐ.நா.வின் சோதனைக் கையேட்டில் 38.3ஆம் பிரிவுக்கு வந்து சேர்கிறோம். லித்தியம் பேட்டரிகளை வண்டியிலோ கப்பலிலோ விமானத்திலோ ஏற்ற அனுமதிக்கும் சோதனைகள் அவை. ஆறாவது சோதனை மோதலுக்கானது. செல்லைப் படுக்கவைத்து, அதன் குறுக்கே 15.8 மி.மீ. விட்டமுள்ள இரும்புத் தண்டை வைத்து, 61 செ.மீ. உயரத்திலிருந்து 9.1 கிலோ எடையை அதன்மேல் விடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் சுமார் 54 ஜூல். இரண்டு கிலோ டிரில் ஒரு மீட்டரிலிருந்து விழுந்தால் 20 ஜூல்தான். 54 வேண்டுமென்றால் இரண்டே முக்கால் மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். அந்த முழு அடியும் இங்கே ஒரே செல்லின்மேல்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடியின் அளவு அல்ல, தேர்ச்சி வாசகம். செல்லின் புறச்சூடு 170 பாகையைத் தாண்டக்கூடாது; சிதறக்கூடாது, தீப்பிடிக்கக்கூடாது. சோதனையின்போது மட்டுமல்ல, அதற்குப் பின் ஆறு மணி நேரம் வரையிலும். அந்த ஆறு மணி நேரம்தான் என் கல்வெட்டு. அடி முடிந்துவிட்டது, பொருள் சும்மா கிடக்கிறது, எவரையும் எதுவும் உறுத்தவில்லை. ஆனாலும் காத்திரு என்கிறது வாசகம். பெட்ரோஸ்கியின் ‘உணரப்பட்ட குறை’க்கு நேரெதிரான ஒன்று இங்கே விதியாக நிற்கிறது.

இதே சோதனையில் ஒரு பாடவேறுபாடும் உண்டு. முந்தைய திருத்தங்களில் எல்லாச் செல்லுக்கும் தண்டு மோதலே விதி. ஐந்தாம் திருத்தத்தில் அது இரண்டாகப் பிரிகிறது: 20 மி.மீ.க்கு மேற்பட்ட விட்டமுள்ள உருளைச் செல்லுக்கு மோதல், மற்றவற்றுக்கு 13 கிலோ நியூட்டன் வரை மெதுவாக நசுக்குதல். பிந்தைய பாடத்தில் ‘20 மி.மீ.க்கு மேற்பட்ட’ என்பது ‘18 மி.மீ.க்குக் குறையாத’ என்று ஆகிறது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று கடந்துபோக முடியாது. கார்ட்லெஸ் பேக்குகளில் மிகப் பரவலான 18650 செல்லின் விட்டம் பெயரளவில் 18 மி.மீ. இடைக்காலப் பாடத்தின்படி அது மோதலிலிருந்து தப்பி நசுக்கலுக்குப் போனது. பிந்தைய பாடம் அதைத் திரும்ப இழுத்துத் தண்டுக்கு அடியில் வைத்தது. நசுக்கல் என்பது மெல்ல ஏறும் பாரம். மோதல் என்பது விழுதல். கைக்கருவியின் வாழ்க்கையில் நேர்வது இரண்டாவதே. திருத்தியவர்கள் டிரில்லை நினைத்துத் திருத்தினார்கள் என்று சொல்ல என்னிடம் நேர்ச்சான்று இல்லை. மடிக்கணினிக்குள்ளும் அதே 18650தான் இருந்தது. என்றாலும் இந்த 18, அடிதாங்கும் உறையின் வரலாற்றில் எந்த ரப்பர் மூலையையும்விடக் கனமான சான்று என்றே கருதுகிறேன்.

செல்லிலிருந்து கருவிக்கு வந்தால் ஐ.இ.சி. எனப்படும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62841-1 (2014) தரநிலையும் அதன் கே பின்னிணைப்பும். கைக்கருவியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் மூன்று முறை போடுவது கம்பியுள்ள கருவிகளின் காலத்திலிருந்தே வரும் விதி. பேட்டரிக் கருவிக்கு அது மூன்று சுற்றாகப் பெருகுகிறது: பேக்கோடு மூன்று முறை, பேக்கைக் கழற்றிவிட்டு மூன்று முறை, பேக்கைத் தனியாக மூன்று முறை. முதல் சுற்றில் பேக் கருவியின் உறுப்பு. மூன்றாவதில் அது தனி உடல், தனியாக விழும் உரிமையும் ஆபத்தும் உள்ளது. கைப்பிடியைவிட்டு வெளியேறிய பேட்டரிக்குச் சட்டம் தனிக் குடும்ப அட்டை கொடுத்த இடம் இது. ஒன்றை மறக்கக்கூடாது: இது பாதுகாப்புக்கான தரநிலை. பேக் தீப்பிடிக்காமலும் ஆபத்து விளைவிக்காமலும் இருந்தால் போதும். மறுநாள் வேலை செய்யுமா என்பது அதன் கவலை இல்லை.

என் வாதத்துக்கு எதிரான சான்றையும் சொல்லியாக வேண்டும். ஐ.இ.சி. 62133 தரநிலையின் 2002 பதிப்பில் நிக்கல் செல், லித்தியம் செல் இரண்டுக்குமே ஒரு மீட்டரிலிருந்து மூன்று முறை விழும் சோதனை உண்டு. நிக்கலையும் கீழே போட்டுப் பார்த்தார்கள் என்றால் லித்தியத்தின் மறைந்த குறைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எப்படிச் சொல்வது? 2002இல் லித்தியம் ஏற்கெனவே சந்தையில் இருந்தது, நிக்கல் அதனோடு சேர்த்து எழுதப்பட்டது என்று பதில் சொல்லலாம். அந்தப் பதில் எனக்கே முழு நிறைவு தரவில்லை.

பெட்ரோஸ்கிக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1985இல் அவர் எழுதிய ‘டு எஞ்சினியர் இஸ் ஹியூமன்’ நூலில் பேசுவது வேறொரு பெட்ரோஸ்கி. அங்கே பொறியாளர் இன்னும் நேராத முறிவைக் கற்பனைசெய்து முந்திக்கொள்கிறார். பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் சொன்ன அந்த வாதம் பேட்டரிக்கு நன்றாகப் பொருந்துகிறது. அன்றாடப் பொருள்களுக்கு வந்தபோது அவர் அதைப் பின்னுக்குத் தள்ளி, உறுத்தலை முன்னிறுத்தினார். முள்கரண்டி இடிந்து விழுவதில்லை என்பதால் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் லித்தியம் பேக் என்பது முள்கரண்டியின் அளவில் வந்த பாலம்.

உறுத்தலுக்கு இங்கே இடமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். என் வீட்டு மரவேலைக்கு வந்த ஆசாரி ஒருவர் தன் பேக்கைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இழுத்து மாட்டியிருந்தார். பெட்ரோஸ்கி பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் மகிட்டா போன்றவர்களின் சார்ஜர் விசிறி பேக்கின் துளைகள் வழியே காற்றை ஓட்டித்தான் செல்லைக் குளிர்விக்கிறது. டியூப் அந்தத் துளைகளை அடைத்துவிடும். தொழிற்சாலை ரப்பர் முழுச் சட்டையாக இல்லாமல் மூலையிலும் அடியிலும் மட்டும் நிற்பதற்கு இந்தச் சூடும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். அடியிலிருந்து காப்பது வேறு, வெப்பத்திலிருந்து காப்பது வேறு. இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும்.

இன்றைய லித்தியம் பேக்கில் செல்கள் பிளாஸ்டிக் தாங்கியில் ஒன்றையொன்று தொடாமல் படுத்திருக்கின்றன. அதைச் சுற்றிப் பெட்டி, பெட்டியின் மூலைகளில் பல பேக்குகளில் மென்ரப்பர். இதில் எது எந்த ஆண்டில் சேர்ந்தது என்பதை நிறுவுவது கடினம். ஒரே மாதிரி எண்ணுக்குள் உறை மாறலாம். பேக்கின் தேதி முத்திரை அது தயாரான நாளைத்தான் சொல்லும், வடிவம் மாறிய நாளை அல்ல. ஆகவே பேக்கைத் தனியாகப் போடும் விதி முந்தியா, ரப்பர் மூலை முந்தியா என்ற கேள்வியைத் தீராததாகவே விடுகிறேன்.

இதற்கிடையே இரண்டு நகர்வுகள். 10.8 வோல்ட் வகைக் கருவிகளில் மூன்று லித்தியம் செல்கள் பழையபடி கைப்பிடிக்குள்ளேயே குடியேறிவிட்டன. 1978இன் வீடு திரும்பக் கிடைத்தது, ஆனால் பாதுகாப்புக்காக என்று சொல்ல முடியாது, மூன்று செல் உள்ளங்கைக்கு அடங்குகிறது என்பதால். மறுபக்கம், டிவால்ட் 2021இன் இறுதியில் அறிவித்த பவர்ஸ்டாக் பேக்கில் இருப்பவை எஃகுக் குவளை இல்லாத பை வடிவ மென்செல்கள். அடிதாங்கும் பொறுப்பு முழுவதும் பெட்டிக்கு வந்துவிட்டது. ஐ.நா. கையேட்டின் 18 மி.மீ. வாசகம் உருளைகளுக்கு உரியது. இந்தச் செல்கள் அதன்படி தண்டு மோதலுக்குப் போவதில்லை, நசுக்கலுக்குத்தான்.