ஊர் பேர் பொறித்த கல்லறைக் கற்கள்

போன எபிசோடில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவைப் பற்றிப் பேசினோம். 1942 ஜூலையிலிருந்து அங்கே கிளம்பின ரயில்கள் எங்கே போச்சோ, இன்னிக்கு நாமும் அங்கே போகலாம்.

வார்சாவுக்கு வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டரில், காட்டுக்கு நடுவே இருக்கிற இடம் திரெப்ளிங்கா. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலான காலத்தில் அங்கே 8 லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே யூதர்கள். முதலில் பெரிய குழிகளில் புதைத்தார்கள். 1943-ல் அந்த உடல்களைத் தோண்டியெடுத்து எரித்தார்கள். கடைசியில் கட்டடங்களை இடித்து, நிலத்தை உழுது, செடி விதைத்து, ஒரு பண்ணை வீட்டையும் கட்டிவிட்டார்கள். இங்கே எதுவுமே நடக்கலைன்னு காட்டுறதுக்காக!

1964-ல் அதே இடத்தில் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்கள் ஃபிரான்சிஷெக் துஷெங்கோ, ஆடம் ஹௌப்ட். சுமார் 17,000 கற்களை நட்டு வைத்திருக்கிறார்கள். பார்த்தா யூதர்களோட பழைய இடுகாடு மாதிரியே இருக்கும்.

நான் முதலில் படங்களைப் பார்த்தப்போ, கல்லில் ஆட்களின் பெயர் இருக்கும்னுதான் நினைச்சேன். இல்லைங்க. பல கற்களில் எழுத்தே கிடையாது. எழுத்து இருக்கிற கற்களில் இருப்பது ஊர்ப் பெயர்கள்: வார்சா, ராதோம், கியெல்ட்சே, செஸ்டொஹோவா...

ஏன் ஊர்ப் பெயர்? நம்ம வீட்டில் திதி கொடுக்கணும்னா நாள் தெரியணும் இல்லையா? யூதர்களும் இறந்த நாளை வருஷா வருஷம் அனுசரிப்பார்கள். விளக்கேற்றி, கதிஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்வார்கள். பெரும்பாலும் அதைச் சொல்வது மகன். திரெப்ளிங்காவில் இறந்தவருக்குக் கல்லறை இல்லை. பலருக்கு எந்த நாளில் இறந்தார்கள் என்பதும் தெரியாது. சொல்ல வேண்டிய மகனும் அதே ரயிலில் போயிருப்பான். குடும்பம் குடும்பமா, தெருத் தெருவா போயிட்டாங்க. அதனால ஊரையே இறந்துபோன ஒரு ஆளா வெச்சு கல் நட வேண்டியதாச்சு.

இதே வேலையை வெளிநாட்டில் இருந்தவர்களும் செய்தார்கள். பிழைப்புத் தேடி நியூயார்க்குக்கும் பாரிஸுக்கும் முன்பே குடியேறிய யூதர்கள், ‘லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட்’ என்ற ஊர்க்காரர் சங்கங்களை வைத்திருந்தார்கள். அந்தச் சங்கங்களின் முக்கியமான வேலைகளில் ஒன்று, உறுப்பினர்களை அடக்கம் செய்ய இடம் வாங்கி வைப்பது. போருக்குப் பிறகு, அந்த இடத்திலேயே சொந்த ஊருக்கும் ஒரு நினைவுக் கல் எழுப்பினார்கள். பாரிஸ் பக்கத்தில் பான்யு, டெல் அவிவ் பக்கத்தில் ஹோலோன் இடுகாடுகளில் இப்படி நிறைய இருக்கு. சிலவற்றில் முகாமிலிருந்து சாம்பலையோ மண்ணையோ கொண்டுவந்து அடியில் வைத்தார்கள். பிழைத்தவர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் கூடி நின்று கதிஷ் சொல்ல ஒரு இடம் கிடைச்சது.

திரும்ப திரெப்ளிங்காவுக்கு வருவோம். அத்தனை கற்களில் ஒரே ஒரு கல்லில்தான் ஒரு மனிதரின் பெயர் இருக்கு: யானுஷ் கோர்ச்சாக். டாக்டர், எழுத்தாளர். கெட்டோவில் அநாதை இல்லம் நடத்தியவர். 1942 ஆகஸ்டில், தன் இல்லத்துப் பிள்ளைகள் சுமார் 200 பேரை விட்டுவிட்டுத் தப்பிக்க மறுத்து, அவர்களோடயே ரயிலேறினார். கல்லில் அவர் பெயருக்குக் கீழே ‘குழந்தைகளும்’ என்று பொறித்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளின் பெயர்கள் அதில் இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.