தோள்பட்டை அறுவை சிகிச்சை: வலி போனால் குணமாகிவிட்டதா?

மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்கும்போது அம்மா முகத்தைச் சுளிக்கிறார். அப்பாவுக்குச் சட்டை போடுவதே சிரமம். இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் போச்சு. "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று பல மாதம் தள்ளிப்போட்ட பிறகு, அறுவை சிகிச்சை தேவை என்கிறார் மருத்துவர்.

சிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடலாம். அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்குத்தான் குடும்பம் தயாராக வேண்டும்.

தோளில் என்ன பிரச்சினை?

தோள்மூட்டைச் சுற்றி 4 தசைகள் உள்ளன. அவற்றை எலும்புடன் இணைக்கும் நாண்களைச் சேர்த்து 'ரொட்டேட்டர் கஃப்' என்பார்கள். 40 வயதுக்குப் பிறகு இந்த நாண்கள் தேயத் தொடங்கலாம். கீழே விழுந்தாலோ கனமான பொருளைத் தூக்கினாலோ கிழியலாம்.

தோள் வலி எல்லாமே கிழிசல் அல்ல. தோள் இறுகிப்போகும் 'ஃப்ரோசன் ஷோல்டர்' பிரச்சினையும் இந்த வயதில் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது இன்னும் அதிகம். அதில் வேறொருவர் தூக்கிவிட்டாலும் கை மேலே போகாது. நாண் கிழிந்திருந்தால், தானாகத் தூக்க முடியாத கையை அடுத்தவர் தூக்கிவிட முடியும்.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சையா?

இல்லை. சிறிய கிழிசல்களுக்கு முதலில் வலி மருந்தும் இயன்மருத்துவப் பயிற்சியும்தான். சில மாதப் பயிற்சிக்குப் பிறகும் வலியோ பலவீனமோ குறையாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். ஆனால் விழுந்தவுடன் கையைத் தூக்க முடியாமல் போனால் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சிகிச்சையில், தோளில் சிறு துளைகள் இட்டு, கேமரா மூலம் பார்த்தபடி, கிழிந்த நாணை எலும்புடன் சேர்த்துக் கட்டுவார்கள்.

குணமாக எவ்வளவு காலம் ஆகும்?

முதல் இரவு: தோள் நரம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்து கொடுத்திருந்தால், தொடக்கத்தில் வலி அதிகம் தெரியாது. அதன் வேகம் குறைந்ததும் வலி சட்டென்று வரும். வலி மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள்.

முதல் 4 முதல் 6 வாரம்: கை ஸ்லிங்கில் இருக்கும். வாகனம் ஓட்டக்கூடாது. மருத்துவர் சொன்ன அசைவுகள் மட்டும்தான். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுத்தால் கொஞ்சம் தூங்க முடியும்.

6 முதல் 12 வாரம்: ஸ்லிங் கழலும், வலி குறையும். கவனம் தேவைப்படும் கட்டம் இதுதான். "இப்பதான் நல்லாயிருச்சே" என்று ஈரத்துணி வாளியையோ அரிசி மூட்டையையோ தூக்கிவிடுவார்கள். ஆனால் நாண் எலும்புடன் ஒட்டிப் பிடிக்க ஏறத்தாழ 12 வாரம் ஆகும். அதற்குள் பாரம் தூக்கினால் தைத்த இடமே மீண்டும் கிழியலாம்.

12 வாரத்துக்குப் பிறகு: தசையை வலுப்படுத்தும் பயிற்சி தொடங்கும். கனமான வேலைக்குத் திரும்ப 6 மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

வேலை, செலவு எப்படி?

சிங்கப்பூரில் வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வருவோர், 6 மாதம் வேலை செய்திருந்தால், ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் மருத்துவமனை விடுப்பு பெறலாம். 14 நாள் சாதாரண மருத்துவ விடுப்பும் அதில் அடங்கும். பாரம் தூக்கும் வேலை என்றால் அது போதாமல் போகலாம். எனவே இலகுவான வேலை கிடைக்குமா என்று முதலாளியிடம் முன்பே பேசுவது நல்லது.

பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையுடன் சென்றால், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசாங்க மருத்துவமனையின் நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ், மெடிஷீல்ட் லைஃப் உதவும். அதற்குப் பிந்திய இயன்மருத்துவச் செலவையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* முன்பக்கம் பொத்தான் உள்ள சட்டைகளை எடுத்து வையுங்கள். போடும்போது சிகிச்சை செய்த கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது கடைசியாக எடுக்கவும்.
* அடிக்கடி தேவைப்படும் பொருள்களை இடுப்பு உயரத்தில் வையுங்கள்.
* புகைபிடித்தலும் கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். இரண்டையும் முன்கூட்டியே கவனியுங்கள்.
* காய்ச்சல், காயத்திலிருந்து சீழ், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போகவும்.

"எனக்குத்தான் வலிக்கலையே" என்று அப்பா வாளியை எடுக்கப் போனால், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். குறைந்தது 3 மாதத்துக்கு அது உங்கள் வேலை.