வீதியில் நிற்கும் உரிமை

தேர்த்திருவிழா நாளில் கோயிலுக்கு அணித்தே குடியிருப்போர் அனைவரும் அறிந்த இடர் ஒன்றுண்டு. விடியுமுன்னரே யாரோ ஒருவர் தமது மோட்டார் வண்டியைக் கொண்டுவந்து வீட்டுப் படலைக்கு நேரே நிறுத்திவிட்டுத் தேர் பார்க்கப் போய்விடுவார். வீட்டிலே நோயாளி ஒருவர் இருந்து, அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிவரினும், வண்டிக்குரியவர் திரும்பி வரும் வரையும் காத்திருக்க வேண்டியதுதான். சற்றே சினந்து பேசினால், "வீதி உங்களுடையதோ?" என்று அவர் கேட்பார். நேயர்களே, அக்கேள்விக்கு விடையிறுப்பது தோன்றுமளவு எளிதன்று. வீதி வீட்டுக்காரருடையதன்று, வந்தவருடையதுமன்று. எனினும், அதன் ஓரத்திலே யார், எவ்வளவு நேரம், என்ன விலைக்கு நிற்கலாம் என்பதை எவரேனும் தீர்மானித்தே ஆகவேண்டும். பெரும்பாலான நாடுகளில் அத்தீர்மானம் உள்ளூராட்சி மன்றத்தின் தலையிலேயே வந்து விழுந்திருக்கிறது. அது விழுந்த வரலாற்றின் சில பகுதிகளை இன்று நோக்குவோம்.

தென் இத்தாலியிலே, ஹெராக்கிளியா என்னும் பழைய நகரம் இருந்த இடத்தினருகே, 1732ஆம் ஆண்டிலே வெண்கலத் தகடுகள் சில கண்டெடுக்கப்பட்டன. அவற்றிலே பொறிக்கப்பட்டுள்ள இலத்தீன் சட்டம் யூலியஸ் சீசர் காலத்தது, ஏறக்குறைய கி.மு. 45ஆம் ஆண்டைச் சார்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. ரோமாபுரியின் வீதிகளில் சூரியோதயத்திலிருந்து பத்தாம் மணி வரையும், அதாவது நமது கணக்கிலே பிற்பகல் மூன்று நான்கு மணி வரையும், பார வண்டிகள் ஓடலாகாது என்று அச்சட்டம் விதித்தது. விலக்குகளும் இருந்தன. தேவாலயத் திருப்பணிக்குரிய பொருளை ஏற்றும் வண்டிக்குத் தடையில்லை. இடித்த பொதுக்கட்டடங்களின் கற்களை அகற்றும் வண்டிக்கும் தடையில்லை. வெஸ்டா தேவியின் கன்னியரும் குருமாரும் சடங்கு நாட்களில் ஊர்ந்து செல்லலாம். இரவிலே வந்த வண்டி வெறுமையாகவோ, குப்பையும் எருவும் ஏற்றியோ பகலில் வெளியேறலாம். எருவண்டியைக்கூட மறவாமற் சேர்த்த அந்தச் சட்டமியற்றியவரின் நுணுக்கத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்.

ஆனால், பகலிலே தடுக்கப்பட்ட வண்டிகள் மறைந்துவிட்டனவோ? அவை இரவுக்கு இடம்பெயர்ந்தன. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் வாழ்ந்த ஜூவெனல் என்னும் அங்கதக் கவிஞர், ரோமாபுரியின் வளைந்த சந்துகளிலே வண்டிகள் எழுப்பும் ஓசையினால் இரவில் உறங்க முடியவில்லை என்றும், பணக்காரருக்கே அங்கு உறக்கம் வாய்க்கும் என்றும் நொந்து பாடினார். கடைத்தெருவிற்குக் கிடைத்த அமைதியின் விலையைக் குடியிருப்போர் தம் உறக்கத்தாற் செலுத்தினர். ஓரிடத்தில் நெரிசலை அடைத்தால் அது வேறோரிடத்திலே புறப்படும் இவ்வியல்பை நாம் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

ஓடும் வண்டியைப் பற்றிய சட்டம் அது. நிற்கும் வண்டியைப் பற்றி ஆங்கில நாட்டிலே வழங்கப்பட்ட பழைய தீர்ப்பு ஒன்று நீதித்துறையினர் வாயில் இன்றும் அடிபடுவது. இலண்டன் சாரிங் கிராஸ் பகுதியில், தெருவிலே பயணிகளை எதிர்பார்த்துக் குதிரை வண்டிகளை நெடுநேரம் நிறுத்திவைத்த ஒருவர்மீது 1812இல் வழக்குத் தொடரப்பட்டது. பிரதம நீதியரசர் எலன்பரோ பிரபு, பயணிகளை ஏற்றவும் இறக்கவும் வேண்டிய அளவு நேரம் வண்டி நிற்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஒரு பயணம் முடிந்து மறு பயணம் தொடங்கும்வரை நிற்பதற்கோ, உரிமையாளர் தமக்கெனத் தனியிடம் தேடிக்கொள்ள வேண்டும். அரசனின் பெருந்தெருவை எவரும் தமது குதிரைலாய முற்றமாக்க இயலாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். தெருவானது போக்குவரத்திற்கு உரியது, தரிப்பதற்கு உரியதன்று என்னும் கொள்கை இவ்வாறு தெளிவுபெற்றது.

கொள்கை தெளிவாயினும் மோட்டார் வண்டி அதனைப் பொருட்படுத்தவில்லை. குதிரைக்குத் தீனியும் நிழலும் வேண்டும். ஆதலால் குதிரை வைத்திருந்தவர் லாயமும் வைத்திருந்தார். மோட்டார் வண்டியோ வெயிலிலும் மழையிலும் கேட்பாரற்று நிற்கும். அமெரிக்க நகரங்களிலே இருபதுகளில் அவ்வாறு நின்ற வண்டிகளுக்குக் கணக்கில்லை. ஒக்லஹோமா நகரத்துக் கடைத்தெருவிலே காலையில் வேலைக்கு வரும் எழுதுவினைஞரும் கடைச் சிப்பந்திகளும் தத்தம் வண்டிகளை வாசலோரம் நிறுத்திவிட்டு மாலையில்தான் எடுத்தனர். பொருள் வாங்க வந்தவருக்கு நிறுத்த இடமில்லை. தமது கடையின் வாடிக்கையாளரைத் தமது சிப்பந்தியின் வண்டியே விரட்டுகிறது என்பதை வணிகர்கள் சற்றுத் தாமதித்தே உணர்ந்தனர்.

அந்நகர வணிகர் சங்கத்தின் போக்குவரத்துக் குழுவிற்குத் தலைமை வகித்தவர் கார்ல் மகீ என்னும் பத்திரிகை ஆசிரியர். அமெரிக்க அரசையே உலுக்கிய டீப்பொற் டோம் எண்ணெய் ஊழலை வெளிப்படுத்துவதில் முன்னர்ப் பங்குகொண்டவர் அவர். இப்பொழுது அவருடைய கருத்து நாணயம் விழுங்கும் கடிகாரம் ஒன்றின்மேற் சென்றது. அம்மாநிலக் கல்லூரியின் பொறியியல் ஆசிரியர் இருவர் அதற்கு உருவம் கொடுத்தனர். 1935 யூலை 16ஆம் நாள், முதலாம் தெருவும் ராபின்சன் வீதியும் சந்திக்கும் மூலையிலே உலகின் முதலாவது தரிப்புக் கட்டண மானி நாட்டப்பட்டது. மணிக்கு ஐந்து சதம் கட்டணம். இருபது அடிக்கு ஒரு கம்பம். பணம் பெறுவதைக் காட்டிலும், ஒரே வண்டி நாள் முழுதும் நில்லாதபடி செய்வதே அதன் நோக்கம். அதற்கு முதலில் அகப்பட்டவர்களுள் ஒருவர் மதபோதகர். நாணயம் மாற்றுவதற்காகவே பலசரக்குக் கடைக்குட் போனேன் என்று அவர் கூறிய சமாதானத்தை ஏற்று நீதிபதி அவரை விட்டுவிட்டாராம்.

பொதுத் தெருவில் நிற்பதற்குக் கூலியா என்று பலர் கொதித்தெழுந்தனர். அலபாமா மாநிலத்தின் உயர் நீதிமன்றம் பர்மிங்ஹாம் நகரம் இயற்றிய இத்தகைய விதியை 1937இல் செல்லாதென்றது. பிற மாநிலங்கள் பலவற்றின் நீதிமன்றங்கள், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்துள் இது அடங்கும் என்று ஏற்றன. அத்தலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி இலண்டனுக்கு வர இம்மானிக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. வெஸ்ற்மினிஸ்டர் நகர சபை 1958 யூலை 10ஆம் நாள் மேபெயார் பகுதியிலே, மணிக்கு ஆறு பென்ஸ் என்று கட்டணம் குறித்து, அதனைத் தொடக்கிவைத்தது.

இனி, ரோமாபுரியிற் கண்ட இயல்பு மீண்டும் தலைகாட்டுகிறது. கடைத்தெருவில் நிற்க முடியாத உத்தியோகத்தர் வண்டியை எங்கே கொண்டுபோவார்? கம்பம் நாட்டப்படாத தெருவுக்கு. அதாவது, மக்கள் குடியிருக்கும் தெருவுக்கு. இதற்கு எடுத்துக்காட்டாக அமைந்தது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு எதிரே, பொற்றோமக் ஆற்றின் மறுகரையிலுள்ள ஆர்லிங்டன் கவுண்டி. அங்கே கிறிஸ்டல் சிற்றி என்ற பெயரில் மாடிக் கட்டடங்களும் கந்தோர்களும் நெருங்க எழுந்தன. அருகிலுள்ள அரோரா ஹைலண்ட்ஸ், சிறு வீடுகள் நிறைந்த அமைதியான குடியிருப்பு. கந்தோருக்கு வருவோர் காலையிலே அக்குடியிருப்பின் தெருக்களில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு நடந்துபோவர். வீட்டிலுள்ளோர் வெளியே சென்று மீண்டால் தம் வாசலில் இடமிராது.

எழுபதுகளில் ஆர்லிங்டன் கவுண்டி மன்றம் உபவிதி ஒன்றை இயற்றியது. வெளியார் வண்டிகள் மிகுதியாக நிறையும் குடியிருப்புகளைக் கண்டறிந்து வரையறுக்குமாறு நிர்வாக அதிகாரிக்கு அது அதிகாரமளித்தது. வேலைநாட்களிலே காலை எட்டு மணி தொடக்கம் மாலை ஐந்து மணிவரை, அனுமதிச் சீட்டு ஒட்டிய வண்டிகளே அங்கு நிற்கலாம். குடியிருப்போருக்கும், அவர்களிடம் அலுவலாக வருவோருக்கும், விருந்தினர் சிலருக்கும் அச்சீட்டு இலவசமாக வழங்கப்பட்டது. காற்று மாசுறுவதைக் குறைத்தல், இரைச்சலையும் குப்பையையும் தவிர்த்தல், குழந்தைகளும் பாதசாரிகளும் இடரின்றி நடமாடச் செய்தல், வீடுகளின் பெறுமதியைக் காத்தல் என்று நோக்கங்களும் உபவிதியிலேயே எழுதிவைக்கப்பட்டன.

கந்தோர் உத்தியோகத்தர் சிலர் நீதிமன்றம் சென்றனர். அவர்கள் பக்கத்து நியாயத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. தெரு பொதுப்பணத்திலே போடப்பட்டது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நிற்கும் இரு வண்டிகளுள் ஒன்று குற்றமற்றது, மற்றது குற்றமுடையது என்பது அவற்றின் உடைமையாளர் எங்கே உறங்குகிறார் என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்படலாமா? சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் அரசியலமைப்புக் கோட்பாடு என்னாயிற்று? வேர்ஜீனியா மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கமே சாய்ந்தது. உபவிதி கூறும் நோக்கங்களுக்கும், குடியிருப்போர் வெளியார் என்று அது வகுக்கும் பிரிவுக்கும் நியாயமான தொடர்பில்லை என்பது அதன் முடிவு.

கவுண்டி மன்றம் அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தது. 1977 ஒக்டோபர் 11ஆம் நாள் வெளிவந்த தீர்ப்பு சில பக்கங்களே கொண்டது. நீதியரசர் எவர் பெயரும் தாங்காதது. வெளியிலிருந்து வரும் வண்டிகளைக் குறைக்க விரும்பும் ஊர், வெளியாருக்கும் உள்ளாருக்கும் வேறுபாடு காட்டாமல் அதனைச் செய்வதெங்ஙனம் என்று அது வினவுமாப்போல் அமைந்தது. வண்டி நிறுத்த இடமின்மையால் சிலர் வேறு வழியாக வேலைக்கு வரலாம். தெருவிலே இரைச்சலும் ஆபத்தும் குறையலாம். ஆகவே நோக்கத்திற்கும் விதிக்கும் தொடர்புண்டு. குடியிருப்போரையும் அயலாரையும் வேறுபடுத்துவது தன்னளவிலே தீய பாகுபாடென்று அரசியலமைப்பு கருதுவதில்லை என்று கூறி, வேர்ஜீனியா நீதிமன்றத்தின் தீர்ப்பை அது நீக்கியது.

இத்தீர்ப்பைப் படிப்போர் சிலர் ஒன்றைக் கவனியாது விடுகின்றனர். உள்ளூர் மன்றம் அவ்வாறு செய்யலாம் என்றே நீதிமன்றம் கூறிற்று. செய்வது நேர்மையென்று கூறவில்லை. நேர்மை எது என்பதை மன்றமே ஆராயட்டும் என்று பொறுப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது. வாக்களிப்பவர் குடியிருப்போர், கந்தோருக்கு வருபவருக்கு அவ்வூரில் வாக்கில்லை. இந்நிலையில் மன்றத்தின் தராசு எப்பக்கம் தாழும் என்பதைக் கூற சோதிடர் வேண்டியதில்லை.

சீட்டு வழங்கி யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று ஆளைப் பிரிக்காமல் காரியம் பார்க்க முடியாதோ என்று நேயர்கள் எண்ணக்கூடும். யப்பான் நாட்டிலே 1962இல் இயற்றப்பட்ட சட்டம் ஒருவழி காட்டியது: மோட்டார் வண்டி வைத்திருக்க விரும்புபவர், தெருவுக்குப் புறம்பே அதற்கோர் இடம் உண்டென்று பொலிசாரிடம் சான்றிதழ் பெறவேண்டும். எலன்பரோ பிரபு கேட்ட லாயத்தையே யப்பானியர் கேட்டனர் எனலாம். ஆனால், அது நாடளாவிய சட்டம். நகர சபை ஒன்றின் கைக்கு எட்டியதன்று.

நகர சபை ஒன்றே துணிந்து செய்த காரியத்தை ஒல்லாந்து நாட்டின் வடபகுதியிலுள்ள கிரோனிங்கன் நகரிலே காண்கிறோம். ஆர்லிங்டன் தீர்ப்பு வெளிவருவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், 1977 செப்டெம்பர் 19ஆம் நாள் காலையிலே அந்நகர மக்கள் விழித்தபொழுது நகர நடுப்பகுதி நான்கு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கூற்றிலிருந்து மற்றதற்கு மோட்டார் வண்டி நேரே செல்ல இயலாது. வெளிவட்ட வீதிக்குத் திரும்பிச் சுற்றிக்கொண்டே வரவேண்டும். துவிச்சக்கர வண்டிக்கும் நடப்போருக்கும் பேருந்துக்கும் தடையில்லை. வண்டி ஓட்டுபவர் உள்ளூரவரா வெளியூரவரா என்று அவ்வேலி கேட்கவில்லை. இதனை முன்னின்று நடத்திய சபை உறுப்பினர் மாக்ஸ் வான் டென் பெர்க் மிக இளையவர். வியாபாரம் அழிந்துவிடும் என்று கடைக்காரர் கடுமையாக எதிர்த்தனர். ஆனால், பிற்காலத்தில் அந்நகரம் துவிச்சக்கர வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. கடைக்காரரின் அச்சம் பொய்யென்று எளிதில் ஒதுக்குவதற்கில்லை. ஏனெனில் ஒவ்வொரு கடையும் தன் வாசலைப் பற்றியே கவலைப்பட்டது, நகரம் முழுவதையும் பற்றியன்று.

மீண்டும் ஆர்லிங்டனுக்கு வருவோம். அங்கே வரையறுத்த வலயங்கள் ஆண்டுக்காண்டு பெருகின. தெருவுக்குத் தெரு மனுக்கள் வந்தன. இதற்கிடையிலே, பெரிய மாடிக் குடியிருப்புகள் பல எழுந்தபொழுது, அவற்றுக்கு அனுமதி கொடுக்கையில் அங்கு வாழ்வோர் தம் கட்டடத்துத் தரிப்பிடத்தையே பயன்படுத்த வேண்டும், தெருவுக்குரிய சீட்டுக் கோரலாகாது என்று நிபந்தனை வைக்கப்பட்டது. தனிவீட்டிலிருப்பவருக்குத் தன் வளவில் வண்டி நிறுத்த இடம் இருந்தபோதும் சீட்டுக் கிடைக்கும். அதே தெருமுனையில் வாடகை மாடியில் வாழ்பவருக்கோ கிடையாது. மனக்கசப்பு வளர்ந்தது. 2017இல் கவுண்டி மன்றம் புதிய மனுக்களை ஏற்பதை நிறுத்திவைத்துத் திட்டம் முழுவதையும் மீளாய்வு செய்யத் தொடங்கியது. 2021 பெப்ரவரியில் விதிகளைத் திருத்தியது. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் கந்தோர் உத்தியோகத்தர் எழுப்பிய அதே கேள்வியே அங்கு மீண்டும் எழுந்தது. ஆனால், இம்முறை மன்றத்தின் முன்னே வாதாடியவர்கள் ஒரே தெருவின் இரு முனைகளில் வாழும் அயலவர்கள்; இருசாராருக்கும் அவ்வூரிலே வாக்கு இருந்தது.