சுவரின் இருபுறமும்: லினக்ஸ் மடிக்கணினிக்கு வைஃபை வந்த வரலாறு

லினக்ஸ் நிறுவப்பட்ட வீட்டு மடிக்கணினிகளில் 2000களின் முதற்பாதி முழுவதும் தீராக் குறையாக இருந்தது கம்பியில்லா இணைப்பு. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்கும் ஒரு வன்பொருளுக்கும் இடையே நின்று, முன்னதன் கட்டளைகளைப் பின்னதற்குப் புரியும் வடிவில் கொண்டுசேர்க்கும் நிரல் டிரைவர் எனப்படும். சிப்பின் எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் அதன் ரேடியோ எந்த அலைவரிசைக்கு மாறும் என்பது போன்ற எண்ணற்ற விவரங்கள் தெரியாமல் வைஃபை டிரைவர் எழுத இயலாது. அவ்விவரங்களோ சிப் தயாரித்த நிறுவனங்களின் கைக்குள் இருந்தன. ஆகவே இக்குறையைத் தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியின்மை என்று கொள்வது பிழை. அது அறிவு மறைத்துவைக்கப்பட்டதன் விளைவு.

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம்மிடமிருந்த 386 கணினிக்காகக் கெர்னலை எழுதத் தொடங்கியபோது இத்தகைய தடை பெரிதாக எழவில்லை. ஐபிஎம் பிசி வழிவந்த மேசைக்கணினிகளின் வட்டும் விசைப்பலகையும் இயங்கும் முறை அச்சிட்ட கையேடுகளிலேயே கிடைத்தது. ஓர் அட்டை ஒத்துவராவிட்டால் அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தவும் முடிந்தது. மடிக்கணினியின் உள்ளுறுப்புகளையோ விற்பவரே தேர்ந்தெடுத்தார். சில மாதிரிகளில், கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலான பயாஸ், தன் பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையைக் கண்டால் கணினியைத் தொடங்கவே மறுத்தது.

வைஃபைக்கான 802.11பி தரம் 1999இல் வெளியானது. 2003 மார்ச்சில் இன்டெல் தன் சென்ட்ரினோ வரிசையை அறிமுகப்படுத்திய பின் வைஃபை மடிக்கணினியின் இயல்பான உறுப்பாயிற்று. அதற்கான திறமூல லினக்ஸ் டிரைவரை இன்டெல் 2004இல் தானே வெளியிடத் தொடங்கியது. வைஃபை சிப் தயாரித்த மற்றொரு நிறுவனமான பிராட்காம் அவ்வழியில் வரவில்லை. வணிக இரகசியத்தோடு வானொலிச் சட்டமும் இத்தகைய தயக்கத்திற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் அமெரிக்கா 11 தடங்களையும் ஐரோப்பா 13 தடங்களையும் அனுமதிக்கையில், அவ்வரம்பை மென்பொருளே காப்பதால், மூலநிரல் வெளியானால் பயனர் அதை மீறுவர் என்பது அந்த வாதம்.

இடைக்கால ஏற்பாடாக 2003இல் தோன்றியது என்டிஸ்ராப்பர். விண்டோஸ் பிணைய டிரைவர்கள் என்டிஸ் என்னும் பொது இடைமுகத்திற்கு ஏற்ப எழுதப்பட்டிருந்தமையால், அவ்விடைமுகத்தை லினக்ஸ் கெர்னலுக்குள் போலியாக அமைத்து, விண்டோஸ் டிரைவரை அப்படியே ஏற்றி இயக்கியது இந்நிரல். பலருடைய மடிக்கணினிகள் இதனால் வலையில் இணைந்தன என்பதை மறுக்க இயலாது. ஆயினும் கெர்னல் செயலிழந்தால் காரணத்தை எவராலும் உள்ளே பார்த்துக் கண்டறிய முடியவில்லை. மேலும், அந்த டிரைவர்கள் இன்டெல் வகைச் செயலிகளுக்கான கட்டளைகளால் ஆனவை. பவர்பிசி செயலியும் பிராட்காம் சிப்பும் கொண்ட ஆப்பிள் ஐபுக்கில் லினக்ஸ் இயக்கியவர்களுக்கு இவ்வழி முற்றாக மூடியிருந்தது.

கதவு எதிர்பாராத இடத்தில் திறந்தது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்னும் வீட்டு ரவுட்டர் லினக்ஸில் இயங்குவது வெளிப்பட்டதும், நிரலை விநியோகிப்பவர் மூலநிரலையும் தர வேண்டும் என்னும் லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்தின்படி அதன் மூலநிரல் 2003இல் வெளியிடப்பட்டது. அந்த ரவுட்டரிலிருந்த பிராட்காம் சிப்புக்கான வைஃபை டிரைவர் மட்டும் அதில் இயந்திர மொழிக் கோப்பாகவே இருந்தது. எனினும் அது லினக்ஸுக்காக எழுதப்பட்டு, மிப்ஸ் செயலியின் ஒழுங்கான, அளவொத்த கட்டளைகளால் ஆனதாகையால், பிரித்துப் படிக்க ஏற்றதாயிற்று. முடிந்த பொருளிலிருந்து அதன் இயக்கமுறையை உய்த்தறியும் இக்கலை மீள்பொறியியல் எனப்படும்.

அதைச் செய்த தன்னார்வலர்கள் கைக்கொண்ட ஒழுக்கமே இவ்வரலாற்றில் மிகவும் போற்றத்தக்கது. பதிப்புரிமை ஒரு நிரலின் எழுத்து வடிவத்தைக் காக்கிறதேயன்றி அதன் பின்னுள்ள கருத்தைக் காப்பதில்லை. எனவே அவர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தனர். முதற்குழு டிரைவரைப் பிரித்துப் படித்து, சிப் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைச் சாதாரண மொழியில் விவரக்குறிப்பாக எழுதியது. மூல டிரைவரைக் கண்ணாலும் காணாத இரண்டாம் குழு, அக்குறிப்பை மட்டும் படித்துப் புதிய டிரைவரை எழுதியது. குறிப்பில் ஓரிடம் தெளிவில்லாமல் போனால், எழுதியவர் எட்டிப் பார்த்து ஐயம் தீர்த்துக்கொள்ளக் கூடாது. கேள்வியாக அனுப்பி, திருத்திய குறிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் பிசியின் பயாஸுக்கு இணையான பயாஸை காம்பேக், ஃபீனிக்ஸ் நிறுவனங்கள் படைத்ததும் இம்முறையில்தான். வீட்டுக் கணினி ஒரே நிறுவனத்தின் உடைமையாகாமல் தடுத்த முறை, இரு பதின்ம ஆண்டுகள் கழித்துத் தன்னார்வலர்களின் கைக்கு வந்தது.

அவர்களின் பிசிஎம்43எக்ஸ்எக்ஸ் டிரைவர் 2006 ஜூனில் வெளிவந்த 2.6.17 கெர்னலில் இடம்பெற்றது. 2008 ஜனவரியின் 2.6.24 பதிப்பில் பி43 என்னும் செம்மையான வடிவம் அதன் இடத்திற்கு வந்தது. ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியது. சிப்புக்குள்ளேயே ஓடும் சிறு நிரலான ஃபர்ம்வேரைக் கணினி ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டியிருந்தது. அதை விநியோகிக்க பிராட்காம் அனுமதி தரவில்லை. ஆகவே நிறுவனத்தின் டிரைவர் கோப்பிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டியெடுக்கும் எஃப்டபிள்யூகட்டர் என்னும் கருவியைப் பயனரே தம் கணினியில் இயக்க நேர்ந்தது. வலையில் இணைவதற்கான கோப்பை வலையிலிருந்தே இறக்க வேண்டிய இக்கட்டில், ஈதர்நெட் கம்பியோ பிறருடைய கணினியோ துணை நின்றது.

2008இல் ஏதெராஸ் என்னும் மற்றொரு சிப் நிறுவனம் ஏடிஎச்9கே என்னும் திறமூல டிரைவரை வெளியிட்டது. அவ்வாண்டின் இறுதியில் வந்த 2.6.28 கெர்னல், நாடுதோறும் அனுமதிக்கப்பட்ட தடங்களையும் ஆற்றலையும் தரவுத்தளத்திலிருந்து பெற்று வரம்பிடும் ஏற்பாட்டைப் பெற்றது. சட்டத்தைக் காக்க இரகசியம் தேவையில்லை என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று இருக்க முடியாது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் தன் புதிய சிப்புகளுக்கான மூலநிரலை வெளியிட்டது. பழைய சிப்புகள் அதில் சேரவில்லை.

டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டை உருவாக்கும் குழுமம் 2022இல் வாக்கெடுத்து, கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரையும் நிறுவல் வட்டிலேயே சேர்க்க முடிவுசெய்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் பெரும்பாலான மடிக்கணினிகளில் நிறுவும்போதே வைஃபை இயங்குகிறது. விநியோக அனுமதி கிட்டாத பி43 ஃபர்ம்வேர் அவ்வட்டில் இல்லை. பழைய பிராட்காம் சிப் உள்ள மடிக்கணினி வைத்திருப்பவர் அதை இன்றும் தம் கணினியிலேயே வெட்டியெடுக்க வேண்டியிருக்கிறது.